ஒப்புதலுக்குக் காத்திருந்த இலிஷ்

கல்கத்தாவில் கரியா பக்கம் இருக்கும் ஷெபாலி ஆவாசன் குடியிருப்புக்குக் கைபேசியில் ஒரு குழு உண்டு. மற்ற குடியிருப்புகளுக்கும் உண்டுதான். ஆனால் அங்கெல்லாம் குடியிருப்புக்காகக் குழு இருக்கும். ஷெபாலியில் குழுவுக்காகக் குடியிருப்பு இருந்தது.

ஒரு காலத்தில் அந்தக் குழு கதவில்லாத வீடாகத்தான் கிடந்தது. விடிந்தால் ரோஜாப்பூவும் காலை வணக்கமும், மத்தியானம் ஹோமியோபதிக் குறிப்பு, பொழுது சாய்ந்தால் அரசியலும் கால்பந்தும். எல்லாவற்றையும் ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்கள். அப்புறம் யாரோ ஒரு புண்ணியவான், பத்மா நதி இலிஷ் மீன் ருசியா, கங்கை இலிஷ் ருசியா என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார். பத்மாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் பாதி, கங்கைக் கரையிலேயே பிறந்து வளர்ந்த குடும்பங்கள் மீதி என்று வாழும் கட்டடத்தில் கேட்கக்கூடிய கேள்வியா அது? வாரம் முழுக்க மீன்தான். தண்ணீர்த் தொட்டியைக் கழுவப் போகிறோம், குழாயை நம்பாதீர்கள் என்ற அறிவிப்பும் அந்த வெள்ளத்தோடு போய்விட்டது. தலையில் சோப்பு நுரையோடு ஆண்களும் பெண்களும் மாடிப்படியில் சந்தித்துக்கொண்ட அந்தக் காலைதான் மட்டுறுத்தலின் பிறந்தநாள்.

தலைவராக வந்தவர் பிரத்யோத் லாஹா. எடை அளவைத் துறையில் தராசுகளைச் சரிபார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர் மட்டும்தான், சரிபார்ப்பு இன்னும் பெறவில்லை. அவருக்குத் துணையாக, மொழித் தூய்மையைப் பார்த்துக்கொள்ள, கல்லூரியில் வங்காள இலக்கியம் நடத்திய மினதி தர். இனி யார் என்ன எழுதினாலும் இவர்கள் இருவரில் ஒருவர் ஒப்புதல் கொடுத்தால்தான் குழுவில் தெரியும். லிஃப்ட் விவகாரம் செவ்வாய், தண்ணீர் புதன், சாக்கடை வெள்ளி, இலக்கியம் ஞாயிறு. இலிஷ் எந்த நாளும் கிடையாது. குழுவில் ஒப்புதல் பெற்று வந்த செய்தியைத் தவிர வேறெதையும் நம்பிக் காவலாளி ஹரிபதா துரும்பைக்கூட அசைக்கக் கூடாது. யாரோ வாயால் சொன்னதைக் கேட்டு அவன் ஒருமுறை வேறு வீட்டு மெத்தையைத் தூக்கிக்கொண்டு போய் மொட்டைமாடியில் காயப்போட்டுவிட்டான் என்பது இதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

மூன்றாம் மாடி சுகேந்து பாக்ராஷிக்கு இதிலெல்லாம் புகாரே இல்லை. தேயிலை ஏலக் கம்பெனியில் கணக்கர். குழுவில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வரி எழுதியதில்லை. மற்றவர்கள் எழுதியதற்கு ஒரு கும்பிடு போடுவார். பிறந்தநாளுக்கும் கும்பிடு, இரங்கலுக்கும் அதே கும்பிடு.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஜமாய் சஷ்டியன்று காலை லிஃப்டில் மாட்டிக்கொண்டார்.

ஜமாய் சஷ்டி என்றால் மாப்பிள்ளைக்கு மாமியார் விருந்து போடும் நாள். அவருடைய பெண் ஜிம்லிக்குக் கல்யாணமாகி வரும் முதல் சஷ்டி. மாப்பிள்ளை சௌமிக் மத்தியானம் சாப்பிட வருகிறான். மாப்பிள்ளையின் இலையில் அன்றைக்கு இலிஷ் விழவில்லை என்றால் சம்பந்தி வீட்டில் அதை அடுத்த தலைமுறைக்கும் சொல்லி வைப்பார்கள். அதனால் சுகேந்து விடிவதற்கு முன்பே சந்தைக்குப் போய், வழக்கமான மீன்காரனிடம் கெஞ்சி, "பத்மா மீன் தாதா, உங்களுக்குன்னு ஒளிச்சு வச்சேன்" என்று அவன் எடுத்துக் கொடுத்ததை நைலான் பையில் போட்டுக்கொண்டு, ராஜா மாதிரி வந்து லிஃப்டில் ஏறினார். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் அது ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

பழைய லிஃப்ட். நான்கு பக்கமும் இரும்புக் கம்பி அழி, அதைச் சுற்றிக்கொண்டு மாடிப்படி. உள்ளே இருப்பவரைப் படியில் போகிற வருகிற எல்லோரும் பார்க்கலாம், பேசலாம், சௌக்கியம் விசாரிக்கலாம். விசாரிக்கவும் செய்தார்கள். விசாரித்தவர்கள் எல்லாம் கடைசியில் ஒன்றையே சொல்லிவிட்டுப் போனார்கள். குழுவில் போடுங்கள்.

ஹரிபதா ஓடி வந்தான். பார்த்தான். மொட்டைமாடியில் மோட்டார் அறையைத் திறந்து சக்கரத்தைக் கையால் சுற்றினால் லிஃப்ட் இறங்கிவிடும் என்பது அவனுக்கும் தெரியும். அறைச் சாவி தலைவரிடம்.

"போய் வாங்கிட்டு வாயேன்டா."

"குழுவில வரட்டும் சுகேந்துதா. வந்த உடனே ஓடிடுவேன்." அந்த ஊரில் தாதா என்றால் அண்ணன், பெயரோடு சேர்ந்தால் வெறும் 'தா'.

"என்னைத்தான் கண்ணால பாக்குறியே."

"பாக்குறேன். ஆனா நான் பாத்தது செல்லாது."

இதற்குள் மனைவி தபதி, கையில் கடுகு அரைத்த மஞ்சளோடு இறங்கி வந்தாள். முதலில் பையைத்தான் பார்த்தாள். அழியின் இடுக்கு வழியாக மீனை மட்டுமாவது வாங்கிவிடப் பார்த்தாள். தலைப்பக்கமாக நுழைத்தார்கள், வால்பக்கமாக நுழைத்தார்கள். அகலத்துக்குப் பேர்போன மீன் அது, அசையவில்லை.

"நீங்க எப்ப வேணா வாங்க. மீன் மத்தியானத்துக்குள்ள வந்தாகணும்" என்று சொல்லிவிட்டு அவள் சோறு வைக்கப் போனாள்.

ஆக, சுகேந்து பாக்ராஷி தம் வாழ்நாளின் முதல் செய்தியை எழுதினார். "லிஃப்ட் நின்றுவிட்டது. நான் உள்ளே இருக்கிறேன்." அனுப்பியதும் திரையில் ஒரு சின்னக் கடிகாரம் சுற்றியது. ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் மினதி தரிடமிருந்து தனியாகப் பதில் வந்தது. அம்மாளுக்குச் செய்தி மிகவும் பிடித்துவிட்டது. தேவையில்லாத சொல் ஒன்றுகூட இல்லையாம். 'நான் உள்ளே இருக்கிறேன்' என்ற வரியில் மனிதகுலத்தின் தனிமையே இருக்கிறதாம். இந்தக் கட்டடத்தில் இப்படி ஒருவர் எழுதுவார் என்று தாம் நினைக்கவே இல்லை என்றும், 'அசைவற்ற ஊர்தி' என்று தலைப்பிட்டு ஞாயிற்றுக்கிழமை இலக்கியப் பகுதிக்கு ஏற்றுக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருந்தார். அன்று வியாழக்கிழமை.

பையிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டியது. ஜ்யேஷ்ட மாதத்து வெயில் படிக்கட்டு ஜன்னல் வழியாக நேரே லிஃப்டுக்குள் விழுந்தது. சுகேந்து பையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார், நிழலுக்காக முதுகைக் காட்டி நின்றார். வெயிலில் அவர் நின்றார், நிழலில் மீன் நின்றது.

இரண்டாவது செய்தியில் இலக்கியம் கலந்துவிடாதபடி பார்த்துக்கொண்டார். "யாராவது உடனே வந்து லிஃப்டை இறக்குங்கள்." இது தலைவரிடம் போனது. லாஹா இதை எழுத்தில் மறுக்கவில்லை. சந்தனநிறக் குர்தா போட்டுக்கொண்டு, நேரிலேயே இறங்கி வந்து, படியில் சுகேந்துவின் கண்மட்டத்துக்குச் சரியான ஒரு படியைத் தேர்ந்தெடுத்து நின்று, தொண்டையைச் செருமினார்.

"சுகேந்து பாபு, உங்க மேல எனக்கு எந்த வருத்தமும் இல்ல. நீங்க நல்ல மனுஷன். கும்பிடு போடுறதோட நிறுத்திக்குற ஆளு. ஆனா உங்க செய்தியைப் பாருங்க. 'யாராவது'ங்கிறீங்க, யாருன்னு இல்ல. 'உடனே'ங்கிறீங்க, அது அவசரத்தைத் தூண்டுது. 'இறக்குங்கள்'னு கட்டளை போடுறீங்க. அதுவும் லிஃப்ட் விஷயம், செவ்வாய்க்கிழமைக்குரியது."

"செவ்வாய்க்கிழமை வரைக்கும் நான் இங்கயா நிக்கிறது?"

"உக்காரலாமே. தடை இல்ல." லாஹா குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. லிஃப்டைப் பராமரிக்கிற கம்பெனிக்காரன் தரப்பையும் கேக்காம ஒருதலையா போட முடியுமா? நாம நடுநிலை இல்லையா? நீங்க ஒண்ணு யோசிங்க. இன்னிக்கு உங்களை வெளிய விட்டுட்டேன்னு வச்சுக்குங்க. நாளைக்கு மாட்டுறவன் எல்லாம், என்னையும் வெளிய விடுன்னு கேக்க ஆரம்பிச்சுடுவான்."

சொல்லிவிட்டு, தாம் சொன்னதைத் தாமே மெச்சிக்கொண்டு தலையை ஆட்டினார். அப்போது அவருடைய குர்தாப் பையில் எதுவோ கிணுங்கியது. மோட்டார் அறைச் சாவிதான். சுகேந்து அதை நன்றாகப் பார்த்தார். கேட்கத்தான் நினைத்தார். தலைவர் பேச்சை முடித்துவிட்ட திருப்தியில் படியேறிக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்தவர் ரணஜய் ஹுயி. ஐந்தாம் மாடி. மட்டுறுத்தலே கூடாது, குழுவைத் திறந்துவிடு என்று மாதக்கணக்காகப் போராடிக்கொண்டிருக்கும் எதிர்க்கட்சி. கட்சியில் அவர் ஒருவர்தான், ஆனால் சத்தத்துக்குக் குறைவில்லை. லிஃப்டைப் பார்த்ததும் அவர் முகம் பூஜைப் பந்தல் மாதிரி பிரகாசமாகிவிட்டது.

"சுகேந்துதா! இதுக்காகத்தான் காத்துட்டிருந்தேன். ஒடுக்கப்பட்ட கருத்தோட முகம் நீங்க."

"தம்பி, அந்தச் சாவி லாஹா பாபு பையில இருக்கு. கொஞ்சம் கேட்டு வாங்கிக் கொடுத்தா..."

"வாங்கிடலாம், வாங்கிடலாம். ஆனா இப்பவே வெளிய வந்துடாதீங்க தா. சாயங்காலம் வரைக்கும் இருங்க. ஒரு போராட்டத்துக்கு முகம் வேணும் இல்லையா? நீங்க வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னுட்டுப் படுத்துட்டா நான் யாரைக் காட்டுறது?" என்று சொல்லிக்கொண்டே கைபேசியை எடுத்தார். "கம்பியை ரெண்டு கையாலயும் பிடிங்க. அந்தப் பையைக் கீழ வைங்க, சந்தைக்குப் போய்ட்டு வந்த மாதிரி இருக்கு."

"சந்தைக்குத்தான் போய்ட்டு வந்தேன்."

"அது ஜனங்களுக்குத் தெரிய வேணாம். கொஞ்சம் சோகமா பாருங்க."

சோகத்துக்கு சுகேந்து தனியாக முயற்சி எடுக்க வேண்டியிருக்கவில்லை. படம் அருமையாக வந்தது. ஹுயி அதைக் குழுவுக்கு அனுப்பினார். ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது.

வெயில் ஏறிவிட்டது. கீழே வாசலில் ஆட்டோ நிற்கும் சத்தம். ஜிம்லியும் சௌமிக்கும் கையில் தயிர்க் கலயமும் இனிப்புப் பெட்டியுமாகப் படியேறி வந்தார்கள். மாமனாரைக் கம்பிக்குப் பின்னால் கண்ட மாப்பிள்ளை, என்ன செய்வது என்று தெரியாமல், அழியின் இடுக்கில் கையை விட்டு அவர் காலைத் தொட்டு வணங்கினான். அவரும் இடுக்கு வழியாகவே ஆசீர்வாதம் செய்தார். வணங்கி நிமிரும்போது பையல்லவா அவன் கண்ணில் பட்டிருக்கும் என்ற எண்ணம் வந்ததும் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். எத்தனையோ வருஷம் எவ்வளவோ அவமானத்துக்குக் கும்பிடு போட்ட மனிதருக்கு இது தாங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்றாவது செய்தியை எழுதினார். எழுதும்போது விதி எதுவும் ஞாபகத்தில் இல்லை.

"என்னை விட்டுவிடுங்கள், பரவாயில்லை. பையில் பத்மா இலிஷ் இருக்கிறது. கெட்டுப்போகும். மாப்பிள்ளைக்கு வாங்கியது. மீனையாவது வெளியே எடுங்கள்."

லாஹா அதைப் படித்தார். உடனே மறுத்தார். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதை நடந்திருக்காது. தவறான தகவலை மறுத்தால் மட்டும் போதாது, பொதுவில் திருத்தவும் வேண்டும் என்று அவரே எழுதிய விதி ஒன்று இருந்தது. தலைவருக்கு ஒப்புதல் தேவையில்லை. அவர் நேரடியாகக் குழுவில் போட்டார். "உறுப்பினர் ஒருவர் பத்மா இலிஷ் வைத்திருப்பதாக உலவும் செய்தி உண்மையல்ல. இந்த மாதத்தில் நம் சந்தைக்கு பத்மா மீன் வருவதில்லை. யாரும் ஏமாற வேண்டாம்." இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். எடை அளவைத் துறைக்காரருக்குத் தராசு சரியாக நிற்கவில்லை போலிருக்கிறது. இன்னும் ஒரு வரி சேர்த்தார். "வந்தாலும் கங்கை மீனுக்கு அது ஈடாகாது."

மினதி தர் முன்னறையில் உட்கார்ந்து 'அசைவற்ற ஊர்தி'க்கு நிறுத்தக்குறிகள் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கடைசி வரியைப் பார்த்தார். அம்மாளுடைய அப்பா பரிசால் பக்கம், பத்மா மீனில் வளர்ந்த குடும்பம். முப்பது வருஷம் கல்லூரியில் பேசிய தூய வங்காளம் ஒரு நொடியில் உதிர்ந்துபோய், அப்பா வீட்டுப் பேச்சு வெளியே வந்தது.

"ஏய்யா லாஹா, நீ என்னிக்குய்யா பத்மா மீனைக் கண்ணால பாத்த? உங்க கங்கை மீனு சாக்கடை குடிச்சு வளந்த மீனு. தராசுல வச்சாத்தான் கனம், நாக்குல வச்சா ஒண்ணுமில்ல."

லாஹா ஒருமையைச் சுட்டிக்காட்டி, மொழித் தூய்மைப் பொறுப்பாளரே இப்படி எழுதலாமா என்று கேட்டார். இலிஷ் தடைசெய்யப்பட்ட பொருள் என்றும் நினைவூட்டினார். மினதி தர், தாம் தனி ஆளாக நிற்பதைப் பார்த்தார். கட்டடத்தில் பாதிப் பேர் தம் பக்கம், ஆனால் அவர்கள் வாயெல்லாம் பூட்டியிருக்கிறது. பூட்டியது யார்? தாம்தான். அம்மாள் அமைப்புகளுக்குள் போய், மட்டுறுத்தல் என்ற பொத்தானை அணைத்தார்.

அப்புறம் பார்க்க வேண்டுமே.

மாதக்கணக்காக அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரே நேரத்தில் வந்தது. பத்மா, கங்கை, டயமண்ட் ஹார்பர், கோலாகாட். யாருடைய பாட்டனார் எந்தப் படகில் எவ்வளவு பெரிய மீன் பிடித்தார். ஹுயி கருத்துச் சுதந்திரத்தைப் பற்றி நீளமாக எழுதியிருந்ததை யாரும் படிக்கவில்லை. அவரே பாதியில் விட்டுவிட்டு கங்கைக் கட்சியில் சேர்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில், எழுதிக்கொண்டிருந்தால் தீராது, மீனையே பார்த்துவிடலாம் என்று கட்டடமே படிக்கட்டுக்கு வந்துவிட்டது. ஒவ்வொருவரும் ஒரு படியில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரோடு கைபேசியில் சண்டை போட்டார்கள்.

"பையை மேல தூக்குங்க சுகேந்துதா. முதுகு அகலம் தெரியணும்."

"கண்ணைக் காட்டுங்க. உங்க கண்ணு இல்ல."

கம்பிக்கு வெளியிலிருந்து எதுவும் தெரியவில்லை. ரணஜய் ஹுயி உச்சிப் படியில் ஏறி நின்றுகொண்டார். "இந்த மீனை மறைச்சு வைக்க யாருக்கும் உரிமை இல்ல. மீனை விடுதலை செய்யணும்" என்றார். அன்றைக்கு இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒரே தீர்மானம் அதுதான். லாஹா குர்தாப் பையில் கையை விட்டுச் சாவியை எடுத்து ஹரிபதாவிடம் வீசினார். குழுவில் 'மீனை இறக்கு' என்று போட்டும் விட்டார். ஹரிபதா பறந்தான். காலையிலிருந்து நகராத லிஃப்ட், வெற்றிலை மெல்லும் நேரத்தில் இரண்டாம் மாடியில் வந்து நின்றது.

கதவைத் திறந்து மீனை எடுத்தார்கள். அது கைமாறிக் கைமாறிப் படி இறங்கி முற்றத்துக்குப் போயிற்று. சுகேந்து அதற்குப் பின்னால் தாமாகவே இறங்கி வந்தார். அவரைப் பார்த்த ஒரு பெரியவர், எப்போ வந்தீர்கள் என்று விசாரித்தார். ஹரிபதா சாவியை விதிப்படி தலைவரிடம் திருப்பிக் கொடுத்தான்.

முற்றத்தில் மீனை நடுவில் வைத்து இரண்டு கட்சியும் நின்றன. செவுளைத் திறந்தார்கள், வயிற்றை அமுக்கினார்கள், ஒருவர் செதில் ஒன்றைப் பிய்த்து வெளிச்சத்தில் பிடித்தார். அப்போது தபதி வந்தாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. வாலைப் பிடித்துத் தூக்கினாள், ஒரே ஒரு தடவை உற்றுப் பார்த்தாள், எடுத்துக்கொண்டு நடந்தாள். ஆதாரத்தைக் கொண்டுபோகிறாயே என்று கூட்டம் கத்தியது. அவள் திரும்பவில்லை. பின்னாலேயே ஓடி வந்த கணவரிடம் சமையலறையில் வைத்துத்தான் சொன்னாள்.

"பத்மாவும் இல்ல, கங்கையும் இல்ல. பர்மாவுலேருந்து ஐஸ்ல வந்த மீன். போன வருஷத்து மீனாக்கூட இருக்கும். மாப்பிள்ளைகிட்ட மூச்சு விடாதீங்க."

கடுகுக் குழம்பில் அது என்ன ஊர் என்று மீனுக்கே மறந்திருக்கும். சௌமிக் ஒரு துண்டைப் பிட்டு வாயில் வைத்துக் கண்ணை மூடினான். "பத்மா மீன், இல்லையா பாபா? முதல் வாய்லயே தெரியுது" என்றான். ஜிம்லி அம்மாவைப் பெருமையாகப் பார்த்தாள். சுகேந்து பழக்கதோஷத்தில் ஒரு கும்பிடு போட்டார்.

வயிறும் மனசும் நிறைந்த பிறகு, இடது கையால் கைபேசியைத் தள்ளிப் பார்த்தார். மீன், மீன், மீன், ஒரு ரோஜாப்பூ, மீன். நடுவில் ஒரு வரி. "நான் லிஃப்டில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். தலைவர்." அதற்கு மேலே இரண்டு பேர் சண்டை, கீழே நான்கு பேர் சண்டை. இன்னும் கொஞ்சம் தள்ளினால் மறுபடி. "தயவுசெய்து யாராவது உடனே வாருங்கள். லாஹா." அதற்கு ஒருவர் பதில் போட்டிருந்தார், பேச்சை மாற்றாதீர்கள், கங்கை மீனுக்கு ஆதாரம் எங்கே என்று.

சுகேந்து கையைக் கழுவிக்கொண்டு இறங்கிப் போனார். தரையில் உதிர்ந்த செதில் ஏதாவது கிடைத்தால் கங்கைதான் என்று நிரூபித்துவிடலாமே என்று லிஃப்டுக்குள் குனிந்து தேடியிருக்கிறார் லாஹா. மேலே யாரோ பொத்தானை அழுத்த, லிஃப்ட் கிளம்பிப் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. முற்றத்துச் சத்தத்தில் அவர் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. சந்தனநிறக் குர்தா நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"எத்தனை தடவை போட்டேன் சுகேந்து பாபு. ஒருத்தன் படிக்கலயே. திறந்துவிட்டா இப்படித்தான் ஆகும்னு நான் அப்பவே சொன்னேன்."

பதிலுக்கு எதையாவது சொல்ல வேண்டும் என்று சுகேந்துவின் நாக்கு துடித்தது. உக்காரலாமே, தடை இல்ல என்று சொல்லலாம். இன்றைக்கு வியாழன் என்று சொல்லலாம். காலையிலிருந்து நின்ற கால் வலித்தது, சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது. ஆனால் அழிக்குப் பின்னால் நிற்கும் முகம் எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இடுக்கில் கையை நீட்டினார்.

"சாவியைக் கொடுங்க."

மீன் நுழையாத இடுக்கில் சாவி நுழைந்தது. சுகேந்து மொட்டைமாடிக்கு ஏறிப்போய்த் தாமே சக்கரத்தைச் சுற்றினார். லாஹா வெளியே வந்து, நன்றி சொல்வதற்காக வாயைத் திறந்து, முதல் வேலையாக மட்டுறுத்தலை மறுபடி போட்டார். பொழுது சாய்வதற்குள் மீன் சண்டையெல்லாம் அழிக்கப்பட்டு, குழுவில் ஒரே ஒரு செய்திதான் இருந்தது. இனி லிஃப்டுக்குள் இலிஷ் கொண்டுபோகக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலை சுகேந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது இலக்கியப் பகுதி வந்தது. 'அசைவற்ற ஊர்தி. எழுதியவர் சுகேந்து பாக்ராஷி. லிஃப்ட் நின்றுவிட்டது. நான் உள்ளே இருக்கிறேன்.' முழுக்க ஒப்புதல் பெற்று, நிறுத்தக்குறிகளோடு. கும்பிடுகளும் பூக்களும் குவிந்தன. தபதிக்கு அதைப் படித்துக் காட்டினார். நல்லாத்தான் இருக்கு என்றாள்.

அப்போது மாடிப்படியில் தடதடவென்று யாரோ ஓடினார்கள். மேலே மோட்டார் அறைக் கதவு திறந்தது. சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டது. லிஃப்ட் மெல்ல இறங்கி, கம்பிக் கதவு திறந்து, கொஞ்ச நேரம் கழித்து மூடிக்கொண்டது. பிறகு வாசல் மணி அடித்தது.

ஹரிபதா மூச்சு வாங்க நின்றான். முகத்தில் வேர்வை, கையில் ஒரு காகிதம்.

"குழுவில வந்துடுச்சு சுகேந்துதா. உங்களை வெளிய விட்டுட்டேன். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

சுகேந்து அவனைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். என்ன இருந்தாலும், இப்போதுதான் முறைப்படி வெளியே வந்த மாதிரி அவருக்கு இருந்தது.